சாயாமல் நின்றவள்

காஸ்பர் நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முழுசையும் கேட்ட பிறகு அவர்மேல் ஆத்திரம்தான் வரும். குடி கிடையாது, ஊர்வம்பு கிடையாது. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிவீடு, நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர் வேலை. பையன்கள் உடைத்துப் போட்ட கண்ணாடிக்குழாய்களைக் கூட்டி அள்ளிவிட்டு வீடு வந்தால், காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்துவிடுவார். அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கும் மலையும் வானமும் வருஷாவருஷம் அவர் கைவேலைதான். மலை வரும், ஈச்ச மரம் வரும், ஒட்டகம்கூட ஒட்டகமாகவே வரும். மனுஷனை வரையச் சொன்னால்தான் வம்பு. ஒரு தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்காகத் துணியில் பெரிய பெரிய படங்களாக எழுதிக் கொடுத்தார். நாலாவது துணியில் ஈட்டி பிடித்த சிப்பாய் ஒருத்தன் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றான். கோயிலில் ஞானோபதேச வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"இன்னா அங்கிள், சிப்பாய் சரக்குல கீறாரா?"

பங்குச் சாமியாரே அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டார். காஸ்பரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் மனுஷனுக்கு உள்ளே சுருக்கென்று தைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய வயசில், 'செத்தாலும் சரி, ஒரு ஆளை நேராக நிற்க வைக்காமல் விடமாட்டேன்' என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தபோது பழைய லேப்டாப்பில் ஒரு தளத்தைத் திறந்து கொடுத்தாள். மனுஷர்களின் போட்டோ ஒவ்வொன்றாக வரும். ஓடுகிறவன், குனிகிறவள், கயிறு இழுக்கிறவன். முப்பது நொடிதான், படம் தானாக மாறிவிடும். அதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். கை பழகப் பழக, ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். காஸ்பர் விடியற்காலைப் பூசை மணி அடிப்பதற்கு முன்பே அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவார். முதல் வாரம் தலையைப் போட்டு முடிப்பதற்குள் ஆள் மறைந்துவிட்டான். "இரு, இரு, எங்க ஓடுற?" என்று லேப்டாப்பைத் திட்டுவார். அடுப்படியிலிருந்து ஜூலியட் சிரிப்பாள்.

ஜூலியட் அவர் மனைவி. தி.நகரில், உஸ்மான் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்பதுதான் வேலை. வேலையாட்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அந்தக் கடையிலும் ஸ்டூல் வந்தது. வந்த மறுநாளே அதன்மேல் புடவை அட்டைப்பெட்டிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன, ஆள் நின்றுகொண்டேதான் இருந்தாள். ஆனாலும் அவளுக்கு அந்த வேலையில் தனி கர்வம். புடவையைச் சட்டென்று தோளில் போட்டு, முந்தியை ஒரு விசிறு விசிறித் திரும்பிக் காட்டுவாள், பார்க்கிறவர்கள் பர்ஸைத் திறந்துவிடுவார்கள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் மாடியேறி வந்து, "ஜூலியட்டக்கா இல்லையா? அப்ப நாளைக்கு வர்றோம்" என்று திரும்பிப்போனதும் உண்டு.

மகள் காஸ்பரை டெலிகிராமில் ஒரு குழுவிலும் சேர்த்துவிட்டாள். 'தினம் ஒரு உருவம்' என்று பெயர். ஊர்ப்பட்ட பேர் அதில் படம் போடுவார்கள், ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துத் தப்புச் சொல்வார். சொல்வதோடு விடுவதில்லை, படத்தின் மேலேயே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு: சிவப்புக் கோடு விழுந்தால் வாதாடக் கூடாது, திருத்திப் போட வேண்டும். காஸ்பருக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் கேட்காமல் கீழ்ப்படிகிறதில் ஒரு சுகம் இருக்கிறது அல்லவா, அந்த ரகம்.

அவருக்கு வழக்கமாகக் கோடு போடுகிறவன் வாஜித். கிண்டியில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். மரியாதையான பையன், ஆனால் தயவுதாட்சண்யம் கிடையாது. "அங்கிள், தொண்டைக்குழிலேருந்து நேரா ஒரு கோடு எறக்குங்க. வெயிட்டு எந்தக் கால்ல இருக்கோ, கோடு அந்தப் பாதத்துல வந்து விழணும். உங்க ஆளுக்கு வெளியில விழுது பாருங்க. அவரு நிக்கல, விழுந்துக்கினு இருக்காரு." சிப்பாயின் வியாதி இதுதான் என்று காஸ்பருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, எங்கே யார் நின்றாலும் மனசுக்குள் தொண்டையிலிருந்து கோடு இறக்கிப் பார்ப்பார். மெதுவாகக் கை திருந்தியது. மாசக்கணக்கில் ஆனது, ஆனால் திருந்தியது.

"போட்டோ போதும் அங்கிள். இனிமே நிஜ ஆளைப் பாத்துப் போடுங்க," என்றான் வாஜித் ஒரு நாள்.

நிஜ ஆளுக்கு எங்கே போவது? வீட்டில்தான் ஒருத்தி இருக்கிறாளே! ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஜூலியட் மீன் குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காஸ்பர் கூடத்தில் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரியாமல் வரைந்தார். இடது கை சமையல் மேடையில் ஊன்றியிருந்தது. உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி போட்டார். அடுப்பு, மேடை எதையும் போடவில்லை. போட்டோ பார்த்து வரைந்து பழகின பழக்கம், ஆளை மட்டும்தான் போடுவார்.

குழுவில் போட்டதும் சிவப்புக் கோடு விழுந்தது. "வெயிட் முழுக்க வெளியில போகுது அங்கிள். ரைட் கால்ல உசிரே இல்ல, தொங்குது," என்று எழுதிய வாஜித், கீழே இன்னொரு கேள்வியும் கேட்டான். "ஆன்ட்டி எதையாச்சும் புடிச்சுக்கினு நிக்கிறாங்களா?"

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. காஸ்பர் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நாலு எட்டு நடந்து அடுப்படிக்குப் போய், 'ஏன்டி இப்படி நிக்கிற?' என்று அவளைக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் புத்திசாலி என்ன எழுதினார் தெரியுமா? "இல்ல தம்பி, சும்மாதான் நிக்கிறா. தப்பு என்னுதுதான். பழைய வியாதி." சமையல் மேடைப் பக்கம் நிற்கிற பொம்பளைக்குக் கை மேடையில்தானே இருக்கும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார். கண் பார்த்தது, கையும் சரியாகப் போட்டது. ஆனால் இத்தனை மாசம் தப்புத் தப்பு என்று கேட்டுப் பழகின மனுஷனுக்கு, தன் கை சரியாகப் போட்டிருக்கும் என்ற நம்பிக்கையே இல்லை.

அடுத்த வாரம் திரும்ப வரைந்தார். திரும்பவும் சாய்ந்தது. துணி உலர்த்தும்போது போட்டார், ஜன்னலோரம் நிற்கும்போது போட்டார். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. 'ஐயோ, சிப்பாய் திரும்ப வந்துட்டானே' என்று மனுஷனுக்குத் தூக்கம் போனது.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "ஜூலி, இங்க வா. கூடத்துக்கு நடுவுல வந்து நில்லு. எதையும் புடிக்காத. சாயாத. ரெண்டு கால்லயும் ஒழுங்கா நில்லு, பத்து நிமிஷம்."

ஜூலியட் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நின்றாள். நேராக, கடையில் நிற்கிற மாதிரி, தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்தார் காஸ்பர், அவ்வளவு கரிசனம் அவருக்கு. நடுவில் அவள் கொஞ்சம் அசைந்தபோது, "சாயாத, சாயாத" என்றார். அவள் திரும்ப நிமிர்ந்தாள்.

அந்தப் படம் குழுவில் கொண்டாட்டமாகிவிட்டது. தொண்டையிலிருந்து இறக்கிய கோடு கச்சிதமாக இரண்டு பாதத்துக்கும் நடுவில் விழுந்தது. "அங்கிள், மாஸ்!" என்றான் வாஜித். நெருப்பு எமோஜியும் கைதட்டல் எமோஜியுமாகக் கொட்டின. காஸ்பருக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவளிடம் காட்டினார்.

ஜூலியட் அதை வெகு நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குங்க. இப்படி நின்னா நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை, மீன், பிறகு பத்து நிமிஷம் நிற்பது என்று வழக்கமாகிவிட்டது. அவள் ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொன்னதில்லை. வெயில் காலம் போய் மழையும் வந்தது. மொட்டை மாடிக்குத் துணி எடுத்துப்போக ஆள் தேடினாள், காஸ்பர் கொண்டுபோனார். வீட்டில் எந்நேரமும் தைல வாசனை அடித்தது. பூசையில் முழங்காலிடுகிற நேரத்தில் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். வயசாகிறது, இருபது வருஷம் நின்ற காலாயிற்றே என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஊரில் நிற்கிறவன் போகிறவனுக்கெல்லாம் கோடு இறக்கிப் பார்த்த மனுஷன், பக்கத்தில் நடக்கிறவளுக்கு இறக்கிப் பார்க்கவில்லை. கேட்டால் வயிறு எரிகிறதா இல்லையா?

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் மூச்சுவிட முடியாத கூட்டம். ஜூலியட்டோடு வேலை செய்கிற சண்முகவடிவு போன் பண்ணினாள். "அண்ணே, ஒடனே வாங்க. அக்காவால படி எறங்க முடியல. பாதிப் படில உக்காந்துட்டாங்க. தொட்டாலே அலறுறாங்கண்ணே." காஸ்பர் ஆட்டோ பிடித்து, அதற்குமேல் வண்டி நகராமல் பாண்டி பஜாரிலேயே இறங்கி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். மாடிப்படியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஜூலியட் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவைப் பைகளோடு ஜனங்கள் அவளைத் தாண்டித் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், ஆனால் விவரமாகச் சொன்னாள். வலது இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போயிருக்கிறது. இப்போது பந்தே அமுங்கி உடைந்துவிட்டது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு மூட்டைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இனிமேல் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பதுதான் வழி. நடக்கலாம். நாள் முழுக்க நிற்கிற வேலையை மட்டும் மறந்துவிட வேண்டும்.

"ஒரு பக்கமா சாஞ்சுதான் நின்னிருப்பாங்களே, நடந்திருப்பாங்களே," என்றாள் டாக்டர். "எப்பலேர்ந்து? வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

எப்போதிலிருந்து என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் காஸ்பர் ஒருத்தர்தான். மேடையில் ஊன்றிய கை, உயிரில்லாமல் தொங்கிய கால் எல்லாவற்றையும் பார்த்தது அவர்தான். அவர் போட்ட படங்களிலேயே உண்மையானவை அந்தச் சாய்ந்த படங்கள்தான், அவற்றைத்தான் தப்பு என்று ஒதுக்கியிருந்தார். "சரியா தெரியல மேடம்," என்றார்.

வார்டில் ஜூலியட் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அழவில்லை. "மாசிக் கல்யாணத்துக்கு அந்த மந்தைவெளி அம்மா எங்கிட்டதான் பொடவை எடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. வடிவுகிட்ட சொல்லி வைக்கணும்," என்றாள். பிறகு, "வடிவுக்கு முந்தி விசிற வராது," என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது.

காஸ்பர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குத் தாங்கவில்லை. தன்மேல் இருந்த கோபமெல்லாம் அவள்மேல் திரும்பியது, ஆம்பிளைகளுக்கு அப்படித்தானே வரும்.

"இவ்ளோ வலிய வச்சிக்கிட்டு ஏன் ஜூலி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன அந்நியனா?"

அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"உங்களுக்குத்தான் தெரியுமே. வாரா வாரம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. நான் சாயிறதப் பாத்துட்டுத்தானே, சாயாத, ஒழுங்கா நில்லுன்னீங்க. சரி, மனுஷன் பாத்துட்டாரு, இதையெல்லாம் பெரிசு பண்ணாதன்னு சொல்றாருன்னு நெனச்சேன். அதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னேன்."

தெரியும் என்று சொன்னால் அவர் மனுஷனே இல்லை. தெரியாது என்று சொன்னால் இத்தனை மாசமாக அவளை உட்கார்ந்து பார்த்தது எதை? உண்மைதான் காஸ்பர் வாயில் வந்தது.

"நான் படத்தச் சொன்னேன் ஜூலி."

"படத்தையா?" என்றாள் அவள். பிடித்திருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டு, போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.