என் வலது காதும் என் வீட்டு விஞ்ஞானியும்

போன வருடம், தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் காது கேட்காமல் போனது.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை தெரிந்தது, சத்தம் இல்லை. என் கணவர் கதவோரம் நின்று ஏதோ சொன்னார். வாய் மட்டும் அசைந்தது. காலையிலேயே விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார். "எனக்குக் கேக்கல" என்றேன். அப்படிச் சொன்ன என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

சபையாரே, உங்களில் பலருக்கு இது தெரியாது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது காது போய்விட்டது. அன்றிலிருந்து வலது காதை வைத்துத்தான் எல்லாம். அதை வைத்துத்தான் கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தேன். அதை வைத்துத்தான் இந்தச் சபையின் பாடகர் குழுவில் நின்றேன். அந்த ஒரு காதும் ஒரே இரவில் மூடிக்கொண்டது.

என் கணவர் குகனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஷா ஆலமில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நானோ ரயில்வே வேலை பார்த்த மெதடிஸ்ட் அப்பாவின் மகள். குகனுக்குக் கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அதை என்னிடம் நேராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே மாமாக் கடை என்கிற டீக்கடையில் ஒரு தே தாரிக்கோடு உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை மாணவர்களின் தாள்களைத் திருத்துவார்.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அது கடவுளைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் அவர் ஒரு நாளும் கேலி பேசியதில்லை.

"கடவுள் இல்லைன்னு சயன்ஸ் நிரூபிச்சிடுச்சுன்னு யாராவது சொன்னா, அவனுக்கு சயன்ஸ் தெரியலன்னு அர்த்தம். இருக்குன்னு நிரூபிச்சிடுச்சுன்னு சொன்னாலும் அதே கதைதான் லா."

"அப்ப நீங்க என்னதான் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியலன்னு சொல்றேன். தெரியாத ஒன்ன நான் எப்படிக் கும்பிடுறது?"

அவர் மனதுக்கு ஓர் அத்தாட்சியைக் கொடும் என்று கர்த்தரிடம் வருடக்கணக்கில் கேட்டேன். அவரே வாய் திறக்க முடியாதபடி பெரிய அத்தாட்சியாக வேண்டும் என்று கேட்டேன். கிடைத்ததோ இந்தச் செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனோம். காது நிபுணர் பேசப் பேச, என் கணவர் கைப்பேசியில் தட்டி எனக்குக் காட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார், அதுவும் ஒரு விரலால். "காதுக்குள்ள இருக்கிற நரம்பு. திடீர்னு இப்படி ஆகும். காரணம் தெரியல. மாத்திரை, காதுல ஊசி. சில பேருக்குத் திரும்ப வரும். சில பேருக்கு வராது." கடைசி வரியைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் என்னிடம் காட்டாமல் வைத்திருந்தார். பிறகு காட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பள்ளியில் விடுப்பு கொடுத்தார்கள். திரும்பிப் போக முடியுமா என்று தெரியாது. நாலு வயதுப் பிள்ளை கூப்பிட்டால் கேட்காத ஆசிரியை எதற்கு? வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். குக்கர் விசில் தெரியாமல் பருப்பைக் கருக விட்டேன். பைபிளைத் திறந்தால் எழுத்துகள் ஓடவில்லை. "ஆண்டவரே, இருந்தது ஒரு காதுதானே?" இதைத் தவிர வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் என் மாமி, குகனின் அம்மா, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, கையில் விபூதி மடித்து எடுத்து வந்திருந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். என் கணவர் தட்டிக் காட்டினார்: "யோசிக்காதை பிள்ளை, காது வரும். அம்மா சொல்றாங்க. காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசட்டுமான்னு கேக்குறாங்க. உனக்கு வேண்டாம்னா நான் சொல்லிடுறேன்."

நான் தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். சபையார் என்ன நினைத்தாலும் சரி. என் மேல் வைத்த பாசத்தில் நீட்டிய விரலைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு வந்தது. நான் வரவில்லை என்றேன். பாட்டும் கேட்காது, பிரசங்கமும் கேட்காது, போய் என்ன செய்வது? அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கைப்பேசியை நீட்டினார். "கிளம்பு. நான் உள்ள வரேன்."

நீங்கள் எல்லோரும் அன்றைக்குப் பார்த்தீர்கள். அவர் முதல் தடவையாக இந்த வாசலைத் தாண்டினார். என் பக்கத்தில் உட்கார்ந்து, போதகர் பேசியதை எல்லாம் தட்டத் தொடங்கினார். அவர் நம்பாத வார்த்தைகளை, ஒன்று விடாமல். "கிருபை" என்ற சொல் வந்தபோது என்னைப் பார்த்து, "கிருபையா கிருபாவா? ஆள் பேரா?" என்று தட்டிக் கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நடுவில் ஓர் இடத்தில், "இது எனக்குச் சரியாப் படல. ஆனா அவரு சொன்னாரு, அதனால போடுறேன்" என்று வந்தது.

ஜெப நேரம் வந்தது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் எனக்கு எதுவுமே இல்லை. அவர் தட்டினார்: "எல்லாரும் கண்ண மூடியிருக்காங்க. உனக்காகத்தான் ஜெபம் பண்றாங்க. எஸ்தர், எஸ்தர்னு உன் பேரு நாலா பக்கமும் கேக்குது. பின்னால யாரோ அழுறாங்க. இவ்வளவு பேருக்கு உன்னப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாது."

அங்கேயே உடைந்துபோனேன். உங்கள் ஜெபத்தை நான் அவர் விரல் வழியாகத்தான் கேட்டேன். அத்தனை வருடம் அவருக்கு அத்தாட்சி கேட்டேனே, அன்றைக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "ஆண்டவரே, நன்றி. காது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீர் என்னைத் தனியாக விடவில்லை" என்று மட்டும் சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மருந்து தொடர்ந்தது. ஊசி தொடர்ந்தது. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் நல்ல ஜாம். காடி நகரவில்லை. எனக்கு ஏதோ ஒன்று தட்டியது. டிக், டிக், டிக். எங்கோ தூரத்தில் யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல. மனப்பிரமை என்று நினைத்தேன். பார்த்தால், அவர் இடது பக்கம் போக சிக்னல் போட்டிருந்தார்.

"சிக்னல் கேக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்து வந்த பெட்ரோல் எண்ணெய் நிலையத்துக்குள் காடியை விட்டு, ஓர் ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கைப்பேசியை எடுத்தார். "கண்ண மூடு. கேட்டா கையத் தூக்கு. கேக்கலன்னா இறக்கு. நெனச்சுக்கிட்டுத் தூக்காத."

விஞ்ஞானி இல்லையா! மனைவியின் வார்த்தையையும் சோதித்துத்தான் நம்புவார்.

கண்ணை மூடினேன். டிக், டிக். கையைத் தூக்கினேன். நின்றது. இறக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டும் என்ற ஆசையில் கை தானாக எழப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன். மறுபடி மெல்ல, டிக், டிக். தூக்கினேன். அப்போது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது.

"இன்னொரு வாட்டி."

அவர் குரல். அவர் தட்டவில்லை, பேசியிருக்கிறார். கண்ணைத் திறந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "ஒண்ணுகூடத் தப்பு இல்ல, எஸ்தர். ஒண்ணுகூட இல்ல." எண்ணெய் போட வந்தவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் திறன் திரும்பியது. முழுவதும் இல்லை. குருவிச் சத்தம் இன்னும் எனக்குக் கிடையாது. பிள்ளைகளின் குரல் போதுமான அளவு கேட்கிறது. பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். டாக்டரிடம் காரணம் கேட்டோம். மருந்து வேலை செய்திருக்கலாம், தானாகவே வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வெளியே கேன்டீனில் உட்கார்ந்தோம். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன சார், இப்ப நம்புறீங்களா?"

அவர் காப்பியைக் கலக்கினார். "டாக்டர் மருந்து கொடுத்தாரு. நீங்க ஜெபம் பண்ணீங்க. அம்மா அர்ச்சனை பண்ணாங்க. எது வேலை செஞ்சுச்சுன்னு கண்டுபிடிக்கணும்னா, உன்ன மாதிரியே இன்னொரு எஸ்தர் வேணும். அவளுக்கு மருந்து மட்டும் கொடுத்து, யாரும் ஜெபம் பண்ணாம விட்டுப் பார்க்கணும்."

"சரி, கண்டுபிடிங்க."

"எனக்கு இன்னொரு எஸ்தர் வேண்டாம் லா. அவளுக்காக யாரும் வேண்டிக்காம விட்டுப் பார்க்க என்னால முடியாது."

அவர் காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

அவர் இன்னும் விசுவாசி ஆகவில்லை. சபையில் சொல்லும் சாட்சி என்றால் கடைசியில் அப்படி முடிய வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நடக்காததை நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் மாமாக் கடைக்குப் போகவில்லை, என்னோடு உள்ளே வருகிறார். எனக்கு இப்போது அவர் தட்டத் தேவையில்லை. அதனால் காது மந்தமான ரோஸ்லின் ஆன்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தட்டுகிறார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். தனக்குச் சரியாகப் படாத இடத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லிவிடுகிறார். ஆன்டி அவர் கையில் ஓர் அடி போடுகிறார்.

நானும் மாறியிருக்கிறேன். அவரை வாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டது. அவர் கேள்வி கேட்டால் பயமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கூப்பிட்டேன், எனக்குப் பதில் வந்தது. அதை எந்தக் கருவியில் வைத்து அளப்பது என்று எனக்குத் தெரியாது.

அன்பானவர்களே, உங்களில் யாராவது வியாதியோடும் பயத்தோடும் வந்திருக்கலாம். மருத்துவரிடம் போங்கள், மருந்தைத் தவறாமல் எடுங்கள். ஜெபிக்க மட்டும் நிரூபணத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வார்த்தை வராவிட்டால் அழுங்கள், அதுவும் ஆண்டவருக்குக் கேட்கும். உங்கள் பக்கத்தில் நம்பாத ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவரோடு வாதாடிக்கொண்டிருக்காமல் அவருக்காக நன்றி சொல்லுங்கள். அவரை உங்களிடம் அனுப்பியது யார் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.