நரிவளைக்குள் போன கீரி

முயல் வேட்டையில் இந்தக் கடற்கரையிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பொய், ஓடுகிற முயலின் பின்பக்கத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

இன்று நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் நனைந்த செம்மணல் வாடை அடித்ததும் அந்த மார்கழிக் காலை நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது இங்கே உடைமரக் காடு. நாய் துரத்தினால் முயல் பழைய நரிவளைக்குள் புகுந்துகொள்ளும். ஒரு பக்கம் நான் வலை பிடிக்க, மறுபக்கம் சேவியர் மாமா முயலை விரட்டத் தன் வளர்ப்புக் கீரியை உள்ளே விடுவார். பிள்ளையில்லாத மாமா, தன் தட்டிலிருந்தே அதற்கு மீன் ஊட்டுவார்.

அன்று முயல் வலையையும் தாண்டி, என் தலையையும் தாண்டிப் போய்விட்டது. கீரி வரவில்லை, உள்ளே மண் சரிந்திருந்தது. மாமாவும் நாயும் தோண்டத் தோண்ட, மணல் தண்ணீர்போல வழிந்து குழியை மூடிக்கொண்டே இருந்தது.

"ஏளா ராசாத்தி, வந்துரு மக்கா. அப்பா இங்கனதான் நிக்கேன்" என்று மாமா மணலில் வாய் வைத்துக் கீரியைக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, உனக்காவது சத்தம் கேக்கா?"

நான் மணலில் காதை வைத்து...

"ஏலே, எத்தன தடவ கூப்பிட! லாரி வந்துட்டு, கொக்கிய மாட்டு!" யார்டு மேஸ்திரியின் குரல்.

"இந்தா வாரேன் அண்ணாச்சி."