மலைப்படியில் கோ-கோ பயிற்சி

உணவும் ஊட்டமும் பற்றிக் கல்லூரியில் படித்து முடித்து, வேலைக்காகக் காத்திருந்த நாட்களில், கையில் சிக்கிய எல்லோருக்கும் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். அரக்கோணம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தாலும் விடமாட்டேன். வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. அக்கா இட்லித் தட்டை என் முன்னால் நகர்த்தி, "மொதல்ல துன்னு, அப்பறம் பேசு" என்பாள். அவள் கணவரை நாங்கள் பாவா என்போம். நான் வாயைத் திறந்ததும் பாவா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

அதனால், ஐந்தாவது படிக்கிற அக்கா மகள் தானாகவே என்னிடம் வந்து உதவி கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சித்தி, மூச்சு வாங்காம ஓடறதுக்கு இன்னா பண்ணணும்?"

பள்ளியில் கோ-கோ அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். அணியில் சேர்ந்தால் முதுகில் எண் போட்ட நீல பனியன் கிடைக்கும். இவளுக்கு அந்த பனியன் மேல் உயிர். ஆனால் பாதி மைதானம் தாண்டுவதற்குள் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறாள். கூடப் படிக்கிறதுகள் 'ரோடு ரோலர்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பி.டி. மிஸ் அப்படியெல்லாம் பேசவில்லை. "ஒரு ஆட்டம் முழுக்க நிக்காம ஓடு, எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

நான் அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டேன். பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் சுண்டல், கொய்யா. எப்போது பசித்தாலும் கேழ்வரகு உருண்டை. சாப்பிடும்போது போன் கிடையாது.

அக்கா கரண்டியோடு வந்தாள். "எம் பொண்ணுக்கு இன்னாடி குறைச்சல்? கொழுகொழுன்னு லட்சணமா கீறா."

"குறைச்சல்னு யாரு சொன்னா? அவ ஓடணும்ன்றா. ஓட வெக்கறேன்."

"ஓடி ஓடி எளைச்சுட்டான்னா ஊரு என்னத்தான் கேக்கும், சோறு போடறியா இல்லியான்னு."

"சோறும் போடு. கூட ரெண்டு கரண்டி பொரியலும் போடு."

திட்டத்தின் உச்சம் மலை. முருகன் மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு ஓட்டப் பயிற்சிக்கு இடம் தேடுவானேன்? விடிந்ததும் படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினால் பயிற்சிக்குப் பயிற்சி, புண்ணியத்துக்குப் புண்ணியம். இந்த யோசனை எனக்கே அவ்வளவு பிடித்துப்போய், கண்ணாடியில் என்னையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்தோம். அவள் ஒரு மண்டபத்தில், நான் அடுத்ததில். ஒரு வழியாக மேலே போய்ச் சேர்ந்தால், நெய் மினுங்க சர்க்கரைப் பொங்கல், தொன்னை நிறைய. எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை.

"கொஞ்சமா சாப்பிடு" என்றேன்.

"பிரசாதத்த மிச்சம் வெக்கக் கூடாது சித்தி" என்றாள், அடியை வழித்தபடி. அதற்குள் அப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்த ஆந்திரப் பக்கத்து அம்மா ஒருவர், "தீசுகோம்மா" என்று இவள் கையில் லட்டை வைத்தார். இன்னொருவர் பஞ்சாமிர்தம் நீட்டினார். முருகன் கோயிலில் நின்றுகொண்டு பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கும் ஒரு கை வந்தது. நானும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. நாங்கள் ஏறினோம், தின்றோம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினோம். அக்காவுக்கு ஒரே பூரிப்பு. "மலைக்குப் போறதுலருந்து கன்னம் எப்படி பளபளன்னு கீது பாரு!"

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. ஆகவே புதுச் சட்டம் போட்டேன். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி, ஒரு விரல் நாக்கில் வைக்கலாம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் பங்கு. இதில் யாருக்கும் பாவமில்லை. தினமும் காலையில் தேடி வரும் பொங்கலை நினைத்துப் பாவா முதல்முறையாக டிவியை நிறுத்திவிட்டு என் பேச்சை முழுதாகக் கேட்டார்.

நாங்கள் மறந்துபோனது குரங்குகளை. வெறுங்கையோடு இறங்கியவரைக்கும் அவை எங்களை மதிக்கவே இல்லை. நெய் வாசனையோடு தொன்னை இறங்கியதும் மதித்தன. கைப்பிடிச் சுவரில் ஒன்று, மரத்தில் ஒன்று, பின்னால் குட்டியோடு ஒன்று.

"சித்தி, வந்துகினு கீது!"

"போட்டுட்டு வா!"

"ஆங், போடறாங்க! அது நைனாக்கு!"

அப்பாவுக்கான பொங்கலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். படியில் வேகமாக இறங்கினால் விழுவோம் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நேராக ஓடாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று குறுக்கே பாய்ந்தாள். குரங்கு வலது பக்கம் வந்தால் இடது பக்கம் திரும்பினாள். முன்னால் குதித்தால் சட்டென்று நின்று, அது தடுமாறும் நேரத்தில் நழுவினாள். பின்னால் குச்சியோடு கத்திக்கொண்டே ஓடிய என் பையில் ஒரு பெருங்குரங்கு கைவிட்டு கேழ்வரகு உருண்டையை எடுத்தது. மோந்து பார்த்தது. என்னை ஒருமுறை பார்த்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

கீழே வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் தொன்னை குலுங்கியது. "கொரங்குகூட துன்னமாட்டேங்குது சித்தி!" மறுநாளிலிருந்து உருண்டையில் வெல்லமும் வேர்க்கடலையும் கூட்டினேன். அவள் கேட்டு வாங்கித் தின்றாள். குரங்கிடம் மறுபடி கருத்துக் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் இதே கூத்து. மண்டபங்களில் உட்காருவது எப்போது நின்றுபோனது என்று எங்களுக்கே தெரியவில்லை. பாவாவின் பங்கு ஒரு நாளும் பறிபோகவில்லை.

தேர்வு நாளில் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே, அக்காவும் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். இவளைத் துரத்தப் பள்ளியிலேயே வேகமான பெண்ணை விட்டிருந்தார்கள். அக்கா என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இவள் ஓடினாள். இடது கையை நெஞ்சோடு மடக்கி, இல்லாத தொன்னையை அணைத்துக்கொண்டு! உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சட்டென்று ஒரு நிறுத்தம், ஒரு நழுவல். வேகக்காரி கம்பத்தைத் தாண்டி எங்கேயோ போய் நின்றாள். விசில் ஊதும்வரை இவள் இடுப்பில் கை வைக்கவே இல்லை.

பி.டி. மிஸ் அருகே வந்தார். "அந்தக் கைய ஏன்டி அப்படி மடக்கி வெச்சுகினு ஓடற?"

"பொங்கல் கொட்டிடும் மிஸ்."

மிஸ் நோட்டில் அவள் பெயரை எழுதினார். பிறகு பனியன் அளவு கேட்டு, கையிருப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா, "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். என் திட்டத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகட்டும். வேலை முடிந்தது, நாளைக்காவது வெயில் வரும்வரை தூங்கலாம் என்று படுத்தேன்.

விடிவதற்குள் போர்வையை யாரோ இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால், முட்டிவரை தொங்கும் நீல பனியனில் அவள்.

"எயுந்துரு சித்தி. அங்க கொரங்குங்கல்லாம் காத்துகினு கீதுங்க."