அவசரக் கதவு

ஆரியசாலையில் மைத்துனரின் மிளகாய்க் கிடங்கில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். பின்கதவை எப்போதும் மூட்டைகள் அடைத்திருக்கும்.

தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவார்கள்? அவரிடம் நேரில் கேட்க எனக்குத் தைரியமில்லை. நேற்று மலையாள எழுத்தில் 'அவசரக் கதவு' என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

இன்று போனால் ஒரே சிரிப்பு. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு! ஐம்பது வருடம் இந்த மலையாள மண்ணில் இருந்தும் மறந்துவிட்டேன்.

"சாரே, இதுவழி போனா துபாயில ஜோலி கிட்டுமோ?" என்றாள் அந்த ஆறு பேரில் ஒருத்தியான சரசம்மா.

சத்தம் கேட்டு மைத்துனர் வந்தார்.

"முதலாளி, எங்க அவசரத்தை இப்படி அடைச்சு வைக்கலாமோ?" என்றாள் அவளே.

அவரும் சிரித்துவிட்டார். "மூட்டையை மாத்துங்கடே!"

கதவு திறந்தது. காற்று வந்தது.

அப்புறம் திருத்தி எழுதிய அறிவிப்பு என் பையிலேயே இருக்கிறது. ஒட்டவா, வேண்டாமா?