பன்னிரண்டு விதைகளும் ஒரு கொசுவலையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. டெல்லியில் வெளிநாட்டுக்காரர்கள் வீடுகளில் இருபத்தெட்டு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். நாற்பது பேர் விருந்துக்குக்கூட அசந்ததில்லை. அசர வைத்தது வெள்ளரிக்காய்தான்.

அப்போது போலந்து மேடம் ஒருவர் வீட்டில் வேலை. ஒரு ஜனவரியில் சின்னக் காகிதப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். ஊறுகாய்க்கென்றே வளர்க்கிற குட்டை வெள்ளரியின் விதை. எண்ணினேன், பன்னிரண்டு.

"சேவியர்ஜி, எங்கம்மா எடுத்து வச்ச விதை. அம்மா இப்ப இல்ல. இவ்வளவுதான் பாக்கி. ஏப்ரல் கடைசியில அப்பா வர்றார், அவருக்கு இதுல ஊறுகாய் போடணும்," என்றார், தட்டுத்தடுமாறி இந்தியில்.

"கவலையே வேண்டாம் மேடம்," என்று அளந்துவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். மோதி பாக் காலனியில் எங்களுக்குத் தரைத்தள குவார்ட்டர்ஸ், பின்னால் கொஞ்சம் தோட்டம். பாதி விதையைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? பிப்ரவரி நடுவில் குளிர் விட்டதும் பன்னிரண்டையும் தயிர்க் கப்புகளில் ஊன்றினேன். ஒன்பது முளைத்தன. நாலு இலை விட்டதும் பாத்தியில் நட்டுக் கயிற்றில் ஏற்றினேன்.

எங்கள் காலனிக் குரங்குகள் எதையும் விட்டுவைக்காது. அதனால் பழைய கொசுவலையைப் பந்தலாகக் கட்டி, ஓரமெல்லாம் செங்கல் வைத்து அடைத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

மார்ச் கடைசியில் ஆண் பூக்கள் பூத்து உதிர்ந்தன. அது வழக்கம்தான். பிறகு அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூக்கள் வந்தன. அவையும் வெம்பி உதிர்ந்தன. ஒரு வாரமாக ஒன்றுகூட நிற்கவில்லை. "கைசா ஹை?" என்று மேடம் தினமும் கேட்பார். "அச்சா ஹை மேடம்", நல்லா இருக்கு என்று தினமும் பொய் சொன்னேன். ஒரு அம்மாவின் கடைசி விதையை நாசமாக்கிவிட்டேனே என்று கொடியைப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஸ்டெல்லா பந்தல் முன்னால் நின்றாள்.

"என்னங்க, இந்தத் தேனீ வலையில முட்டிக்கிட்டே கெடக்கு. அத உள்ள விடாம காய் எப்படிப் பிடிக்கும்? எங்க வார்டுலகூட விசிட்டர் டைம் உண்டு!"

செங்கலை எல்லாம் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து காலையில் வலையைத் திறந்து வைத்து, குரங்குக்குக் கம்போடு காவல் உட்கார்ந்தேன். நாலாம் நாள் ஒரு பிஞ்சு உதிராமல் பருத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

விரல் நீளம் வந்ததும் பறித்து, உப்புத் தண்ணீர், பூண்டு, சதகுப்பைக் கீரையோடு ஜாடியில் போட்டேன். ஏப்ரல் கடைசியில் வந்த மேடத்தின் அப்பா ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி மென்று, ஏதோ சொன்னார்.

"அம்மா இவ்வளவு பூண்டு போட மாட்டாங்களாம்," என்றார் மேடம். பெரியவர் இன்னொன்று கேட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

ஒரு காயை மட்டும் பறிக்காமல் கொடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டேன். அதன் விதைகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் அதிலிருந்து பன்னிரண்டை எண்ணி எடுத்து என் கையில் வைத்தார். "இது உங்க வீட்டுலயும் இருக்கட்டும்."

அடுத்த வருஷம் ஆறைத்தான் விதைத்தேன்.