அண்ணன் பேசிய ஐந்து வியாழக்கிழமைகள்

குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் கூலித் தகராறு முற்றிய வருஷம், அண்ணன் அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். உள்ளூர்க்காரர்கள் செங்கொடியோடு வந்து வயலை மறித்தார்கள். கைகலப்பில், அவர்களோடு வந்திருந்த, எங்களுக்கு இருபது வருஷம் ஏர் ஓட்டியவர் தலையில் அடிபட்டு வரப்பிலேயே செத்துப்போனார். அண்ணன் யாரையும் அடிக்கவில்லை. கேஸில் அவர் பெயரும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் வைத்தாலே ஓங்கரிப்பார். மூன்று வருஷம் கேழ்வரகுக் கஞ்சிதான். பேச்சும் நின்றுபோனது மாதிரிதான்.

அண்ணி மந்திரித்துக் கயிறு கட்டினார். உள்ளூர் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆனாலும் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்று நாலு பேரிடம் விசாரிக்கக் கூச்சம். பைத்தியம் என்று ஊர் பேசிவிட்டால் அவர் பெண்ணை யார் கட்டுவார்கள்?

தஞ்சாவூரில் ஒரு மாடியில் ‘மனோதத்துவ நிபுணர்’ என்று போர்டு பார்த்து அழைத்துப் போனேன். அந்த மனிதர், சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் புள்ளியை அண்ணனைப் பார்க்கச் சொன்னார்.

“எல்லாம் மறந்துபோச்சுன்னு நூறு தடவை சொல்லுங்க.”

அண்ணன் எழுந்து படியிறங்கிவிட்டார். கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழை நான் அப்புறம்தான் கிட்டப் போய்ப் படித்தேன். தபாலில் படித்து வாங்கியது.

கீழே மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார், அரசு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை மட்டும் மனநலம் படித்த டாக்டர் ஒருவர் வருகிறார் என்று. சின்ன வயசுக்காரர். நான் சொன்ன விவரத்தைக் கேட்டுக்கொண்டு, அண்ணனை உட்காரவைத்து, “அன்னைக்கு வயல்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்றார்.

அண்ணன் வாய் திறந்தார்.

“கீழ கிடந்தவன் என்னைப் பார்த்துத் தண்ணின்னு கேட்டான். பக்கத்துலயே வாய்க்கால். நம்ம ஆளுங்க பார்க்கிறாங்களேன்னு நான் நின்னுட்டேன்.”

ஒரே வீட்டில் இருந்தும், மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.

ஐந்து வியாழக்கிழமை போனோம். நாலாவது வாரம் பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் அண்ணன் இரண்டு கவளம் தயிர்சாதம் சாப்பிட்டார். நான் கை கழுவப் போவதுபோல எழுந்துபோய் அழுதேன். ஆறாவது வாரம் அந்த அறை பூட்டியிருந்தது. டாக்டருக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்துவிட்டதாம்.

“திருச்சியில ஒருத்தர் இருக்காராம்ணே. போவோம்” என்றேன்.

“இன்னொருத்தர்கிட்ட முதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லடா.”

“என்கிட்ட சொல்லுங்கண்ணே” என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் எனக்குத் தாங்காது என்று பயந்தேன். குடவாசல் பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அண்ணன் அப்புறம் எங்கேயும் வரவில்லை. சோறும் மறுபடி இறங்கவில்லை. தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.