டெல்மரின் இதயமும் எதிரணி ஆஸ்பத்திரியும்

ஸ்டேட்டுக்காக டெல்மர் ருஸ்காம்ப் உயிரையே கொடுப்பார் என்று எங்கள் ஹால்புரூக்கில் பேச்சுக்குச் சொல்வதுண்டு. போன வருடம் மனிதர் அதை நிஜமாகவே செய்யப் பார்த்தார்.

இத்தனைக்கும் அவர் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஒருநாள்கூடப் படித்தவரில்லை. எங்கேயுமே படித்தவரில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சித்தப்பாவின் டயர் கடையில் சேர்ந்தார், அங்கேயே முடியும் நரைத்துவிட்டது. சிறு வயதில் அவருடைய அப்பா ஸ்டேட்டின் மாட்டுக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய், மாணவர்கள் செய்த ஐஸ்கிரீம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. ஸ்டேட்டின் நிறம் பச்சை, சின்னம் கோவேறு கழுதை. டெல்மரின் தொப்பி, சட்டை, காலுறை, கடை வாசல் எல்லாமே பச்சை. பிடிவாதம் சின்னத்திலிருந்து வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்பது தெரியாது.

அவர் மனைவி கார்லீன் எதிரணி. வல்லூறு படம் போட்ட அரக்குக் கொடி. அந்த இன்னொரு பல்கலைக்கழகத்தை எங்கள் பக்கம் வெறுமனே ‘யூனிவர்சிட்டி’ என்றுதான் சொல்வார்கள், உலகத்தில் வேறொன்று இல்லாத மாதிரி. கார்லீனும் அங்கே படித்ததில்லை. அதன் ஆஸ்பத்திரியில் பிறந்தார், அவ்வளவுதான் பந்தம். எங்கள் ஊரில் அது போதும்.

இரண்டும் ஒரே அரசாங்கத்தின் பிள்ளைகள், ஒரே வரிப்பணத்தில் சாப்பிடுபவை. ஆனால் மூத்தவனுக்குக் கோட்டு, இளையவனுக்குச் சேறு என்று ஆகிவிட்டது. யூனிவர்சிட்டியில் வக்கீல்கள், டாக்டர்கள், நோபல் பரிசு வாங்கிய ஒரு தாடிக்காரர். ஸ்டேட்டில் சோளம், பன்றி, டிராக்டர், கால்நடை வைத்தியம். பத்திரிகைக்காரர்கள் போடும் தரவரிசையில் யூனிவர்சிட்டி முதல் பக்கத்திலேயே இருக்கும். ஸ்டேட்டைப் பார்க்கப் பக்கம் புரட்ட வேண்டும். அதற்கு டெல்மரிடம் ஒரே பதில்தான். “தரவரிசையை எவன் வேணா எழுதலாம். ஸ்கோர்போர்டு பொய் சொல்லாது.” காலைவிடக் கையால் அதிகம் ஆடும் எங்கள் ஃபுட்பாலில் ஸ்டேட்டின் கைதான் பல வருடமாக ஓங்கியிருந்தது என்பதும் உண்மை.

பேர் விஷயத்தில்தான் அவருக்கு ஆறாத புண். ஒருமுறை இருவரும் கப்பலில் உல்லாசப் பயணம் போனார்கள். மெக்ஸிகோ கரையில் மீன் விற்ற ஆள் கார்லீனின் அரக்குத் தொப்பியைப் பார்த்ததும், “ஆஹா, பெரிய யூனிவர்சிட்டி!” என்று கும்பிடாத குறை. பிறகு டெல்மரின் பச்சைத் தொப்பியை உற்றுப் பார்த்து, “ஐயா உர வியாபாரமா?” என்று கேட்டான். கார்லீன் அதை நவம்பர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அடுத்த நவம்பரிலும் சொன்னார்.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் குடித்தனமே அப்படித்தான் நடந்தது. வண்டிக் கொட்டகையின் ஒரு கதவு பச்சை, ஒரு கதவு அரக்கு. நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் திருநாள் முடிந்த சனிக்கிழமை இரண்டு அணிகளும் மோதும். தோற்றவர் மறுநாள் காலைக் காப்பியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதுதான் கலகலப்பு.

போன ஆகஸ்டில் டெல்மர் ஒரு லாரி டயரைத் தூக்கப்போய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஊர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு கல்லாக இறுகிவிட்டது, பனி விழுவதற்குள் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வசந்தத்தைப் பார்ப்பது சந்தேகம் என்றார்.

“மாத்திட்டாப் போச்சு. எங்க?” என்றார் டெல்மர்.

“உங்க இன்சூரன்ஸ் ஒத்துக்கற இடம் ஒண்ணுதான். யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி.”

டெல்மர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் கார்லீன் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா டெல்? அது ஆஸ்பத்திரி! ஸ்டேடியம் இல்ல!”

“வாசல்லயே வல்லூறு சிலை வெச்சிருக்கான். படுக்கை விரிப்புகூட அரக்கு. நெஞ்சைப் பொளந்து அவன் கையில குடுக்கணுமா? நாளைக்கு உன் தம்பி என்ன சொல்வான்? ‘எங்காளு போட்ட வால்வுலதான் மச்சான் ஓடறாரு’ம்பான். சாகறவரைக்கும் கேக்கணும்.”

“அவன் சொல்றதுக்கு நீ உசுரோட இருக்கணும்ல?”

“ஸ்டேட்ல பாத்துக்கறேன்.”

“ஸ்டேட்ல மனுஷ டாக்டர் கிடையாதுடா, கடவுளே! மாட்டு டாக்டர்தான் இருக்கான்!”

“நாட்டுலயே பேர்போன மாட்டு டாக்டர்” என்றார் டெல்மர்.

ஏதோ வீம்புக்குச் சொல்கிறார் என்று கார்லீன் நினைத்தார். ஆனால் விடிந்ததும் டெல்மர் படங்களை உறையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, ஸ்டேட்டின் கால்நடை ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். நொண்டும் ஆடு ஒன்றுக்கும், இறகு உதிர்ந்த கிளியோடு வந்த ஓர் அம்மாளுக்கும் நடுவே உட்கார்ந்தார். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. சுற்றிலும் பச்சைச் சுவர்.

முன்மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். “பேஷன்ட் பேரு?”

“டெல்மர்.”

“அழகான பேரு. என்ன பிரச்சினை?”

“மூச்சு வாங்குது. படி ஏற முடியல.”

“வயசு?”

“அறுபத்தொண்ணு.”

தட்டச்சு நின்றது. அவள் நிமிர்ந்து, அவருக்குப் பின்னால் தரையில் தேடினாள். “ஆமைங்களா?”

விஷயம் புரிந்ததும் அவள் உள்ளே ஓடினாள். கால்நடை இதய நிபுணர் டாக்டர் பென்டிக்சன் வெளியே வந்தார். ஆறடி உயர அம்மாள், ரப்பர் பூட்ஸில் சாணி. படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“குதிரைக்கு இருந்தாலே கவலைப்படுவேன்” என்றார். “மிஸ்டர் ருஸ்காம்ப், நான் உங்களைத் தொட்டா என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டாக்டர். நம்ம ஆளுங்க கையால நடக்கணும், அவ்வளவுதான். சிசேரியன்ல கன்னுக்குட்டி எடுக்கறீங்க. இதுவும் ஒரு தையல்தானே?”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்; இது எப்படிப்பட்ட வியாதி என்று அவருக்குத் தெரியும். வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் டெல்மரை உட்கார வைத்துத் தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அங்க உங்களுக்கு என்ன வால்வு வெப்பாங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்கல. அதுக்குள்ள எழுந்து வந்துட்டேன்.”

“உங்க வயசுக்கு அனேகமா மாட்டோட வால்வு. பசுவோட இதயத்தைச் சுத்தி இருக்கற சவ்வுல செஞ்சது.”

டெல்மர் அவர் பக்கம் திரும்பினார். “நிஜப் பசுவா?”

“நிஜப் பசு. அது நம்ம கொட்டாய்ப் பசுன்னு நான் சொல்லல. ஆனா இந்த மாநிலத்துல பசுன்னா அது யாரு கட்சி?”

டெல்மர் குனிந்து தம் நெஞ்சைப் பார்த்தார். மூளையில் ஏதோ திரும்பியது. யூனிவர்சிட்டியின் கோட்டைக்குள்ளேயே, அவர்கள் டாக்டர்களை வைத்தே, அவர்கள் கத்தியாலேயே ஸ்டேட்டின் பசுவைத் தம் நெஞ்சுக்குள் உட்கார வைப்பது. இதைவிடப் பெரிய வெற்றி எந்த மைதானத்தில் கிடைக்கும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைக்கு அன்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து, “தேதி குறி” என்றார். கார்லீன் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கவில்லை. கொட்டகைக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வல்லூறு சிலையை டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார், கார்லீன் கையைப் பிடித்து நடத்திப் போனார். அறுவை செய்யப்போகும் டாக்டர் அஃபோன்சோ போர்ச்சுகல்காரர், வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மென்மையான மனிதர்.

“ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் டெல்மர். “நான் ஸ்டேட் ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா கை நடுங்காதே?”

டாக்டர் குழம்பினார். “ஸ்டேட்டுன்னா? இது ஸ்டேட் யூனிவர்சிட்டிதானே?”



“இது யூனிவர்சிட்டி” என்றார் கார்லீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ரெண்டும் ஒண்ணுதானே? அது இதோட விவசாயக் கிளைன்னு நினைச்சேன்.”

“கிளையா!” என்று டெல்மர் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். இதயத்துடிப்புக் கருவி அலறியது.

“அவருக்குத் தெரியல, நீ படு, நான் சொல்றேன்” என்று கார்லீன் டாக்டர் பக்கம் திரும்பினார். “இங்க பாருங்க டாக்டர். அவங்க ஒண்ணும் எங்க கிளை இல்ல. எங்களை அடிச்சு ஜெயிக்கறவங்க. போன வருஷம் முப்பத்தொண்ணுக்குப் பத்து. எங்களால தாங்க முடியல.”

டெல்மர் மனைவியை ஆச்சரியத்தோடு பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த ஸ்கோர் கார்லீன் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. கணவனும் மனைவியும் மாறி மாறி விளக்கினார்கள். டாக்டர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கதவுவரை போய்விட்டார். போகும்போது, “எங்க ஊர்லயும் இந்த மாதிரி உண்டு, மதத்துல” என்றார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். இருமினாலோ சிரித்தாலோ நெஞ்சு பிளந்துவிடும் போல வலிக்கும், அப்போது இறுக அணைத்துக்கொள்ள என்று நோயாளிகளுக்கு ஒரு தலையணை கொடுப்பார்கள். அரக்கு நிறம், நடுவில் வல்லூறு. டெல்மர் அதைத் தொடமாட்டேன் என்றார். பிறகு ஒருமுறை தும்மினார். அதற்குப் பிறகு தூங்கும்போதுகூட விடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு விஷயம் அவரை அரித்தது. கார்லீன் மாறிப்போயிருந்தார். அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு அவர் சோபாவில் கிடக்கும் கோலத்துக்குச் சாதாரணமாக ஒரு வாரத்துக்குச் சிரிப்பு காணும். கார்லீன் ஒன்றும் சொல்லவில்லை. கார்லீனின் தம்பி போனில் ‘எங்க ஆஸ்பத்திரி எப்படி?’ என்று ஆரம்பித்தபோது கார்லீன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். சூப் கொண்டுவருவார், போர்வையைச் சரிசெய்வார், ஜன்னலோரம் போய் நிற்பார். சாகப்போகிறவர்களிடம்தான் அப்படி நடந்துகொள்வார்கள் என்று டெல்மருக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை வந்தது. இருவரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். கடைசி நொடியில் ஸ்டேட் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் போதும், வெற்றி. கைக்கெட்டும் தூரம். ஸ்டேட் பையன் ஓடிவந்து உதைத்தான். பந்து பக்கவாட்டில் பறந்து, ஓரத்தில் நின்ற ஸ்டேட் வாத்தியக்குழுவில் ஒருவன் தோளில் சுமந்த பெரிய பித்தளைக் குழலின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆட்டம் முடிந்தது. அரக்குக் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது.

டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் கார்லீன் டிவியை அணைத்துவிட்டு, “சூப் சுட வெக்கட்டுமா?” என்றார்.

டெல்மர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டாக்டர் என்ன சொன்னாரு?”

“எந்த டாக்டர்?”

“மறைக்காத கார்லீன். எனக்கு எவ்வளவு நாள் இருக்கு?”

“என்ன உளர்றே?”

“பந்து குழலுக்குள்ள போச்சு! குழலுக்குள்ள! நாப்பது வருஷத்துல இப்படி ஒரு தோல்வி கிடையாது. நீ சூப் வேணுமான்னு கேக்கறே. நான் சாகப்போறேன்தானே?”

கார்லீன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார்.

“நல்லா இருக்கே, டெல். குதிரை மாதிரி இருக்கேன்னு சொன்னாரு. நான்தான்… உன்னை உள்ள கொண்டுபோனப்ப அங்க இருந்த ஜெபக்கூடத்துல பேரம் பேசிட்டேன். இவரைத் திருப்பிக் குடு, இனிமே ஆயுசுக்கும் ஸ்டேட்டைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசமாட்டேன்னு.”

டெல்மருக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“யாரைக் கேட்டு? ஆயுசுக்குமா? இந்த வீட்டுல சும்மா உக்காந்து சூப்பு குடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கா நான் நெஞ்சைப் பொளந்துக்கிட்டேன்?”

“வாக்குக் குடுத்துட்டேனே.”

“நீ குடுத்த வாக்கு. எனக்கு வந்த தண்டனை. மாத்திக் கேளு.”

கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். உதடு ஏதோ முணுமுணுத்தது. மேலேயிருந்து இடி எதுவும் விழவில்லை. பிறகு, பள்ளத்தில் இறங்கும் வண்டி மாதிரி மெல்ல ஆரம்பித்தார்.

“அந்தக் குழல்காரப் பையனை விட்டுடாதீங்க டெல். டீம்ல சேத்துக்குங்க. இன்னிக்கு உங்க பக்கத்துல பந்தைப் பிடிச்சவன் அவன் ஒருத்தன்தான்.”

டெல்மருக்குச் சிரிப்பு முட்டியது. நெஞ்சு விண்ணென்று வலித்தது. அரக்குத் தலையணையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“ஐயோ, வலிக்குதா? நிறுத்திடறேன்” என்றார் கார்லீன்.

“நிறுத்தாத” என்றார் டெல்மர். “இன்னும் சொல்லு.”